நகரத் தெருக்களில் மில்லிமீட்டர் அலை அளவீடு: நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

28 அல்லது 39 கிகாஹெர்ட்ஸில் ஒரு தெருவை அளக்கக் கருவி தேடுகிறவர்கள் வழக்கமாக விலைப்பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். அதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓர் அளவீடு முடியும்வரை அந்தத் தெரு மாறாமல் இருக்குமா? பலவீனமான சிக்னலைப் பிடிக்க எல்லா சேனல் சவுண்டர்களும் (ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அலை எப்படிப் போகிறது என்று அளக்கும் கருவிகள்) அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நீண்ட நேரம் கேட்டு, இரைச்சலைச் சராசரியில் கரைக்கின்றன. அந்த நேரத்துக்குள் ஒரு பேருந்து குறுக்கே போய்விட்டால், பதிவானது எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஒரு கலவை. ஆகவே இங்கே நான்கு வழிகளையும் அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே எடைபோடுகிறோம்.

கணக்கு முதலில்

திறந்தவெளிப் பாதை இழப்பு முதல் மீட்டரில் 28 கிகாஹெர்ட்ஸுக்கு 61.4 டெசிபெல், 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 43.3. இடையிலுள்ள 18 டெசிபெலைக் காற்று விழுங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அலைநீளம் குறையக் குறைய, அதே ஆதாயம் கொண்ட ஆன்டெனாவின் பிடிப்புப் பரப்பும் சுருங்குகிறது, அவ்வளவுதான். மழையும் தெரு அளவில் பெரிய விஷயமல்ல: மணிக்கு 25 மில்லிமீட்டர் மழை 28 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 4 டெசிபெல் தின்னும், 200 மீட்டரில் 1 டெசிபெலுக்கும் குறைவு. ஆன்டெனா மூடியில் படியும் தண்ணீர்தான் அதைவிடத் தொல்லை.

200 மீட்டரில் நேர்ப்பார்வை இருந்தால் இழப்பு 107.4 டெசிபெல். தெருமுனைக்கு அப்பால் நின்று, பாதை இழப்பின் அடுக்கு (தூரத்தோடு இழப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற எண்) 3.2 என்று வைத்தால் 135 டெசிபெல். இப்போது இரைச்சலைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்ஜியமாக வைத்த டெசிபெல் அளவு). ரிசீவரின் இரைச்சல் எண் 5 டெசிபெல் என்றால், 20 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் இரைச்சல் மட்டம் −126 டிபிஎம், 800 மெகாஹெர்ட்ஸில் −80 டிபிஎம். இந்த 46 டெசிபெல் வித்தியாசத்தை யார் எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன.

ஒற்றை அதிர்வெண், சுழலும் ஹார்ன்

அனுப்பும் பக்கம் ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர், எல்லாத் திசைக்கும் வீசும் ஆன்டெனா. வாங்கும் பக்கம் 10 டிகிரி கற்றை அகலமுள்ள ஹார்ன் (ஒரு திசையை மட்டும் பார்க்கும் கொம்பு வடிவ ஆன்டெனா), அதன் கழுத்திலேயே குறை இரைச்சல் ஆம்ப்ளிஃபயர், பிறகு ஸீரோ ஸ்பான் முறையில் (ஒரே அதிர்வெண்ணில் நின்று) ஓடும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் அல்லது அதற்கு நிகரான ரிசீவர். ஹார்ன் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் ஒரு கற்றை அகலத்தைக் கடக்க 28 மில்லிநொடி ஆகும். கற்றைக்கு 4 மாதிரியாவது வேண்டும் என்பதால் நொடிக்கு 150 மாதிரி போதும். சுழலும் பாகத்துக்கு மின்சாரமும் தரவும் போக ஸ்லிப் ரிங் தேவை. உயர் அதிர்வெண்ணைச் சுழல் இணைப்பு வழியாக வெளியே கொண்டுவர முயல வேண்டாம். மிக்சரையும் சேர்த்துச் சுழலவிடுவது எளிது.

இங்கே பெரும்பாலோர் இடறும் இடம் கடிகாரம். சாதாரண கிரிஸ்டல் ஆசிலேட்டர் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால் 28 கிகாஹெர்ட்ஸில் அது 28 கிலோஹெர்ட்ஸ். அதாவது, சிக்னல் 20 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டிக்கு வெளியே போய்விடும். திரையில் வெறும் இரைச்சல் தெரியும், அந்த இடத்தில் சிக்னலே இல்லை என்று எழுதிவைப்பீர்கள். சூடேற்றிய அறைக்குள் வைத்த கிரிஸ்டல் ஆசிலேட்டர் இரு பக்கமும் இருந்தால் விலகல் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். இந்த முறைக்கு ருபிடியம் கடிகாரம் தேவையில்லை என்பது பெரிய சௌகரியம்.

கிடைப்பது என்ன? பாதை இழப்பு, கிடைத்தளத்தில் திசைவாரியான சக்தி, அத்துடன் ஹார்னின் பெயரளவு ஆதாயத்தில் சிதறல் எவ்வளவைக் குறைத்துவிடுகிறது என்ற கணக்கு. இந்தக் கடைசி எண் இணைப்பு வடிவமைப்பவர்களுக்குப் பொன் போன்றது. அதைப் பெறுவது எளிது: ஒரு முழுச் சுற்றின் உச்சத்தை அதே சுற்றின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தை எதிரொலியற்ற அறையில் அளந்த ஹார்ன் வடிவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

கிடைக்காதது தாமதம். எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலையும், அதே திசையில் தெருக் கோடியிலிருந்து வந்த அலையும் இதற்கு ஒன்றுதான்.

நெட்வொர்க் அனலைசர்

ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்று இதைத் தெருவுக்குத் தூக்கிப்போகும் ஆசை எல்லோருக்கும் வரும். 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைப் படிப்படியாக அளந்து தலைகீழ் ஃபூரியர் மாற்றம் செய்தால் அரை நானோநொடித் தெளிவில் எதிரொலிகள் தெரியும். கட்டமும் (அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதும்) நம்பத்தக்கது. ஆனால் மூன்று தடைகள் வரிசையாக நிற்கின்றன.

முதலாவது படியின் அளவு. 2 கிகாஹெர்ட்ஸை 1001 புள்ளிகளாகப் பிரித்தால் படி 2 மெகாஹெர்ட்ஸ். 500 நானோநொடிக்கு, அதாவது 150 மீட்டருக்கு மேலான பாதைகள் மடங்கி வந்து குறுகிய தாமதத்தில் போலி எதிரொலியாக உட்காரும். தெருவுக்கு 600 மீட்டராவது வேண்டும், படி 0.5 மெகாஹெர்ட்ஸ், 4001 புள்ளிகள்.

இரண்டாவது நேரம். 1 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை வடிகட்டியில் புள்ளிக்குச் சுமார் 1 மில்லிநொடி, முழுச் சுற்றுக்கு 4 நொடிக்கு மேல். அந்த 4 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் கார் 40 மீட்டர் நகர்ந்திருக்கும். முதல் அதிர்வெண் பார்த்த தெரு வேறு, கடைசி அதிர்வெண் பார்த்த தெரு வேறு. மாற்றத்துக்குப் பின் அது இரைச்சல் மட்டம் உயர்ந்தது போலத் தெரியும். கருவியில் கோளாறு என்று தேடுவார்கள். நேரத்தைக் குறைக்கத் தொடர் ஸ்வீப் முறைக்கு மாற்றினால் இன்னொரு சிக்கல்: 2 கிகாஹெர்ட்ஸை 100 மில்லிநொடியில் கடந்தால் 1 மைக்ரோநொடி தாமதித்து வரும் அலை 20 கிலோஹெர்ட்ஸ் விலகி நிற்கும். வடிகட்டி 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் தூரத்து எதிரொலிகள் எந்த எச்சரிக்கையும் இன்றி காணாமல் போகும். ஆகவே படிமுறை ஸ்வீப் மட்டுமே.

மூன்றாவது கேபிள். வளையும் கேபிள் 28 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 2.5 டெசிபெல் அளவில் இழக்கும்; 20 மீட்டருக்கு 50 டெசிபெல். ஒளியிழை வழியாகச் சிக்னலைக் கடத்தும் இணைப்பு இதைத் தீர்க்கும், ஆனால் வெயில் பட்டால் இழையின் நீளமும் கட்டமும் நகரும். நிழலில் போட வேண்டும். அரை மணிக்கொரு முறை மறு அளவீடு.

50 மீட்டருக்குள், ஆள் நடமாட்டம் இல்லாத முற்றம் அல்லது அதிகாலைத் தெரு என்றால் இதைவிடத் துல்லியமானது இல்லை. ஆன்டெனாவை எக்ஸ்-ஒய் மேசையில் 5 மில்லிமீட்டர் படியில் நகர்த்தி 10×10 மெய்நிகர் ஆன்டெனா வரிசை அமைக்கலாம். எல்லாம் அசையாமல் இருந்தால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மற்றபடி இதன் நல்ல இடம் ஆய்வகம்: சுவர்த் துண்டுகளின் இழப்பை அளக்கவும், மற்ற சவுண்டர்களைச் சரிபார்க்கவும்.

ஸ்லைடிங் கோரிலேட்டர்

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் டொனால்ட் காக்ஸ் 910 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்திய உத்தி. 2012இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு மன்ஹாட்டன் தெருக்களை 28 கிகாஹெர்ட்ஸில் அளந்ததும் இதை வைத்துத்தான். அனுப்பும் பக்கம் போலிச் சீரற்ற வரிசையை ஒரு வேகத்தில் ஓட்டுகிறது. வாங்கும் பக்கம் அதே வரிசையைச் சற்றே மெதுவாக ஓட்டிப் பெருக்குகிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகும்போது ஒவ்வொரு எதிரொலியும் தன் முறை வரும்போது உச்சம் காட்டும்.

எண்களோடு (வரிசையின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிப்): நொடிக்கு 400 மெகாசிப், எதிர்ப்பக்கம் 399.95 மெகாசிப். வழுக்கல் காரணி 400 ÷ 0.05 = 8000. செயலாக்க ஆதாயம் 39 டெசிபெல். சிப் அகலம் 2.5 நானோநொடி, பாதை வித்தியாசத்தில் 75 சென்டிமீட்டர். 2047 சிப் நீள வரிசை 5.1 மைக்ரோநொடி வரை, அதாவது 1.5 கிலோமீட்டர் கூடுதல் பாதை வரை குழப்பமின்றிக் காட்டும். நேரம் 8000 மடங்கு விரிவதால் வெளிவரும் சிக்னல் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது; சாதாரண டிஜிட்டைசர் போதும். இதன் கவர்ச்சி முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முன்பு போட்ட 135 டெசிபெல் கணக்கை இதில் வையுங்கள். 20 டிபிஎம் சக்தி, இருபுறமும் 24.5 டெசிபெல் ஹார்ன். சிறந்த திசையில் அதிகபட்சம் −66 டிபிஎம் வரும். இரைச்சல் −80. இடைவெளி 14 டெசிபெல், செயலாக்க ஆதாயத்தோடு 53. முதன்மை அலையைவிட 25 டெசிபெல் தாழ்ந்த எதிரொலிகளையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கொடுக்கும் விலை: ஒரு தாமதப் படத்துக்கு 41 மில்லிநொடி. அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் போகும் வண்டி 41 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 38 அலைநீளம் நகர்கிறது. கட்டடங்களிலிருந்து வரும் அலைகள் பிழைத்துக்கொள்ளும். வண்டியில் பட்டவை சிதைந்து வரும். டாப்ளரை, அதாவது நகர்வால் வரும் அதிர்வெண் மாற்றத்தை, அளக்க வேண்டும் என்றால் இந்தக் கருவியை மறந்துவிடுங்கள். இன்னொன்று: ஆதாயம் கூட்டும் ஆசையில் வரிசையை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். வழுக்கல் காரணி வரிசை நீளத்தைப்போலச் சில மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சம் மழுங்கி, காட்டக்கூடிய வீச்சு எல்லை சுருங்கும்.

நேரடி டிஜிட்டல் சவுண்டர்

வேகமான டிஜிட்டல்-அனலாக் மாற்றிகளும் எஃப்பிஜிஏவும் (தேவைக்கேற்ப உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சில்லு) ஒரே சில்லில் வரத் தொடங்கிய பிறகு புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள், அது நியாயம்தான். ஸாடாஃப்-சூ போன்ற வரிசை ஏற்றது: அதன் வீச்சு மாறாததால் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு அருகில் ஓட்டலாம். 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்தில் 4096 மாதிரி நீளம் 4.1 மைக்ரோநொடி; பொருத்து வடிகட்டியின் ஆதாயம் 36 டெசிபெல். ஸ்லைடிங் கோரிலேட்டர் 41 மில்லிநொடியில் தருவதை இது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் தருகிறது. மாதிரிகள் முழுவதையும் பிடித்து ஒத்துப்பார்ப்பதால் எதுவும் வீணாவதில்லை. ஸ்லைடிங் கோரிலேட்டரில் ஒரு கணத்தில் ஒரே ஒரு தாமதம்தான் கவனிக்கப்படுகிறது.

இன்னும் ஆதாயம் வேண்டுமென்று வரிசையைத் திரும்பத் திரும்பக் கூட்டும்போதுதான் கவனம் தேவை. நொடிக்கு 10 மீட்டர் வேகம் 28 கிகாஹெர்ட்ஸில் 933 ஹெர்ட்ஸ் டாப்ளர். 100 வரிசைகளைக் கட்டத்தோடு கூட்டினால் 0.41 மில்லிநொடி, கூடுவது 20 டெசிபெல் என்று நினைப்போம். ஆனால் அதற்குள் நகரும் அலையின் கட்டம் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பிவிடுவதால் அந்த அலை மட்டும் 2 டெசிபெலுக்கு மேல் குறைத்துக் காட்டப்படும். நிலையான அலைகளுக்கு இழப்பு இல்லை என்பதால் பிழை கண்ணில் படாது. வாகனத் தெருவில் 16 முதல் 32 கூட்டல்களோடு நிறுத்துவது நல்லது.

தரவின் அளவும் மலைக்க வைக்கும். நொடிக்கு நூறு கோடி சிக்கலெண் மாதிரி, ஒவ்வொன்றும் 4 பைட்: நொடிக்கு 4 ஜிகாபைட். தொடர்ந்து பதிய வேண்டாம். சில மில்லிநொடிக்கொரு முறை துண்டுகளாகப் பிடித்து, கூட்டிய பிறகு எழுதுங்கள். ஆனால் சில துண்டுகளையாவது கூட்டாத மூல வடிவில் வைத்திருங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வேறு வழியில்லை.

ஆன்டெனா: நேரம் உண்மையில் போகும் இடம்

சவுண்டர் எவ்வளவு வேகமானாலும் மோட்டார் மோட்டார்தான். 10.9 டிகிரி ஹார்னைக் கற்றை அகலப் படியில் சுற்றினால் கிடையாக 33 நிலை. மூன்று உயரக் கோணங்கள் சேர்த்து 99. நிலைக்கு நகரவும் அதிர்வு அடங்கவும் 1 நொடி, கூட்டல்களுக்கு 0.8 நொடி வைத்தால் மூன்று நிமிடம். அனுப்பும் ஹார்னும் 33 திசைகளில் திரும்ப வேண்டுமென்றால் ஓர் இடத்துக்கு ஒன்றரை மணிக்கு மேல். மோட்டார் இல்லாமல் மின்னணு முறையிலேயே கற்றையைத் திருப்பும் பேஸ்டு அர்ரேயில் 12×12 கற்றை இணைகளையும் 6 மில்லிநொடிக்குள் முடித்துவிடலாம்.

பிறகு எதற்கு ஹார்ன்? பேஸ்டு அர்ரேயின் பக்கக் கற்றைகள், எடை சீராக இருந்தால், முதன்மையிலிருந்து 13 டெசிபெல்தான் கீழே. வலுவான நேர் அலை ஒன்று பல திசைகளில் போலி எதிரொலியாக முளைக்கும். ஒவ்வொரு கற்றையின் வடிவத்தையும் எதிரொலியற்ற அறையில் முன்பே அளந்திருந்தால் மட்டுமே அவற்றைக் கழிக்க முடியும். ஆதாயமும் சில்லின் வெப்பத்தோடு நகரும். அந்த அறை வசதி இல்லாத குழு ஹார்னோடு இருப்பதே மேல்.

ஹார்னிலும் கவனிக்க வேண்டியது உண்டு. குறி 5 டிகிரி தவறினால் 2.5 டெசிபெல் போகும். இருபுறமும் தவறினால் 5. முக்காலியை நட்டவுடன் நீர்மட்டக் கருவியும் திசை குறிக்கும் தொலைநோக்கியும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்தருகே நம்பக் கூடாது. ஆள் நிற்க வேண்டிய இடம் ஹார்னின் பின்புறம், தாழ்வாக. ஓர் உடல் குறுக்கே வந்தால் 20 டெசிபெல் அளவுக்கு மறைத்துவிடும்.

கடிகாரமும் சரிபார்ப்பும்

அகலப்பட்டை முறைகளில் முழுமையான தாமதம் வேண்டுமானால் இருபுறமும் ருபிடியம் கடிகாரம் தேவை. இரண்டுக்கும் நூறு கோடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 36 நானோநொடி, ஏறக்குறைய 11 மீட்டர் விலகும். கிளம்புமுன் ஓர் இரவு முழுக்க இரண்டையும் பூட்டி ஓடவிடுங்கள், பேட்டரியில் அணையாமல் கொண்டுபோங்கள், திரும்பி வந்ததும் மீண்டும் பொருத்திப் பார்த்து விலகலை நேர்கோடாகக் கழியுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் நேரத்தை மட்டும் நம்பினால் பத்துக்கணக்கான நானோநொடிகள் ஆடும். கட்டத்தைப் பொறுத்தவரை அதே விலகல் 28 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 100 டிகிரி. மெய்நிகர் வரிசைக்குத் தனித்தனி கடிகாரங்கள் உதவாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் இரு முனைகளையும் நேராக இணைத்து அளக்க வேண்டும், நடுவே 60 முதல் 80 டெசிபெல் அட்டெனுவேட்டர் வைத்து. அதை மறந்து 20 டிபிஎம்மை நேரே செலுத்தினால் குறை இரைச்சல் ஆம்ப்ளிஃபயர் அன்றோடு முடிந்தது. பிறகு 10 டெசிபெல் படிகளில் குறைத்துக்கொண்டே போய் ரிசீவர் எங்கே வளையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் திறந்த இடத்தில் 5 மீட்டரில் ஓர் அளவீடு: இழப்பு 75.4 டெசிபெலுக்கு 1 டெசிபெலுக்குள் வராவிட்டால் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி தளர்ந்த கனெக்டர். 2.92 மில்லிமீட்டர் கனெக்டரைக் கையால் இறுக்கக் கூடாது; 0.9 நியூட்டன்-மீட்டர் டார்க் குறடு எப்போதும் பையில் இருக்கட்டும். ஒளிபரப்ப ஒழுங்குமுறை அமைப்பின் பரிசோதனை உரிமம் வேண்டும் என்பதையும், அது கைக்கு வர நாளாகும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எதை எடுப்பது

வீச்செல்லை அல்லது ஆன்டெனா தாங்கும் கம்பங்களின் இடைவெளியைத் தீர்மானிப்பதுதான் நோக்கம் என்றால், தயக்கமின்றி ஒற்றை அதிர்வெண் முறை. காரணம் புள்ளிவிவரம். மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியின் டிஆர் 38.901 ஆவணம் தெரு அளவிலான மறைவுப் பாதைக்குத் (நேர்ப்பார்வை இல்லாதது) தரும் சிதறல் 7.82 டெசிபெல். 20 இடங்களில் அளந்தால் சராசரியின் பிழை 1.75 டெசிபெல்; 60 இடங்களில் 1.0. ஓர் இடத்தை அரை டெசிபெல் துல்லியத்தில் அளப்பதைவிட மூன்று மடங்கு இடங்களுக்குப் போவது லாபம். இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் கேட்கும் கருவியால் அது முடியாது.

அலைவடிவம், எதிரொலிகளால் வரும் சிதைவைச் சரிசெய்யும் சமன்செய்தி, கற்றை தேடும் நெறிமுறை இவற்றை வடிவமைக்கிறவர்களுக்குத் தாமதமும் கோணமும் வேண்டும். டிஜிட்டல் சவுண்டரும் ஹார்னும் என்று தொடங்கி, அறை வசதி வந்ததும் பேஸ்டு அர்ரேக்கு மாறலாம். ஓடும் வாகனத்துக்கான கேள்வி என்றால் பேஸ்டு அர்ரே தவிர வேறு வழியில்லை. வேகமான மாற்றிகள் கிடைக்காத, ஆனால் அனலாக் கைத்திறன் உள்ள குழுவுக்கு ஸ்லைடிங் கோரிலேட்டர் இன்றும் நல்ல தேர்வு. நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது கலப்பு: எல்லா இடத்திலும் ஒற்றை அதிர்வெண், பத்தில் ஓர் இடத்தில் அகலப்பட்டை.

அளக்காமலே அலைகளின் பாதையை வரைபடத்தில் கணக்கிடும் கதிர்த் தடக் கணினி மாதிரியை நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். இடம் தேர்ந்தெடுக்க அது அருமையான துணை. ஆனால் சுவரில் என்ன கண்ணாடி என்று வரைபடம் சொல்லாது. அதே 3ஜிபிபி சூத்திரங்களின்படி 28 கிகாஹெர்ட்ஸில் சாதாரணக் கண்ணாடி 7.6 டெசிபெல் இழக்கிறது, வெப்பம் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி 31.4. இந்த ஒரு விவரம் தவறினால் கட்டடத்துக்குள் போகும் கணக்கு 24 டெசிபெல் தவறும்.

எந்தக் கருவியாக இருந்தாலும், ஒன்றும் கேட்காத இடங்களைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். தூரத்தில் வலுவாகக் கேட்ட சில இடங்கள் மட்டும் கணக்கில் மிஞ்சினால் கோடு படுத்துக்கொள்ளும். பாதை இழப்பின் அடுக்கு உண்மையைவிடக் குறைவாக வரும், அதை நம்பி நட்ட கம்பங்கள் இடைவெளி விட்டுப்போகும். அந்த இடங்களில் தூரத்தையும், அன்றைய கருவியால் அளக்க முடிந்த அதிகபட்ச இழப்பையும் எழுதிவையுங்கள். ‘இழப்பு இந்த எண்ணுக்கு மேல்’ என்ற பதிவையும் சேர்த்துக் கோடு பொருத்தும் கணித முறைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேவை அந்த இரண்டு எண்கள்தான்.